ஸ்நோர்கெலிங்குக்கு எந்த ஃபின்? கணுக்காலைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்

ஸ்நோர்கெலிங் ஃபின், அதாவது நீந்தக் காலில் மாட்டும் துடுப்பு, வாங்கப் போகிறவருக்கு அறிவுரைகளுக்குப் பஞ்சமே இருக்காது. "நீளமா இருந்தாத்தான் வேகமாப் போகும்" என்பார் ஒருவர். "புதுசா கத்துக்கிறவங்களுக்குக் குட்டையே போதும்" என்பார் இன்னொருவர். "விலை கூடினதா வாங்கிடு, தப்பாது" என்பார் மூன்றாமவர். இந்த மூவரும் ஃபின்னைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். அதை மாட்டப்போகிற காலை யாரும் பார்க்கவில்லை.

ஸ்நோர்கெலிங் என்பது மாஸ்க்கும் மூச்சுக்குழலும் அணிந்து, முகத்தை நீருக்குள் வைத்தபடி மேற்பரப்பில் மிதந்துகொண்டு கீழே இருப்பதைப் பார்ப்பது. இதில் யாருடனும் போட்டி கிடையாது. ஒரு மணி நேரம் மிதந்துவிட்டுக் கரையேறும்போது கெண்டைக்கால் இறுகியிருக்கக் கூடாது, குதிகாலில் கொப்புளம் இருக்கக் கூடாது, மூச்சு வாங்கக் கூடாது. ஃபின்னைத் தேர்ந்தெடுக்க இந்த மூன்றையும் அளவுகோலாக வைத்துக்கொண்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

விசிறி செய்யும் அதே வேலை

கைவிசிறியை எடுத்துக்கொள்வோம். கனமான பலகை ஒன்றை விசிறியாக ஆட்டினால் காற்று வரும், ஆனால் கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். துவண்ட துணியை ஆட்டினால் மணிக்கட்டு வலிக்காது, காற்றும் வராது. நல்ல விசிறி ஆட்டும்போது இலேசாக வளைந்து, உடனே நிமிரும். விசிறி பெரிதாக ஆக காற்று கூடும், மணிக்கட்டின் பாடும் கூடும்.

ஃபின்னிலும் இதுதான் நடக்கிறது. மணிக்கட்டு இருந்த இடத்தில் கணுக்கால், காற்று இருந்த இடத்தில் நீர். நீரின் அடர்த்தியோ காற்றைப்போலச் சுமார் 800 மடங்கு. விசிறியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு சின்னப் பொருத்தமின்மை, ஃபின்னில் கெண்டைக்காலைச் சுருட்டி இழுத்துவிடும்.

நீர் எந்தப் பக்கம் போகிறது?

முன்னே நகர, நீரைப் பின்னே தள்ள வேண்டும். ஆனால் ஸ்நோர்கெலிங்கில் நாம் காலை மேலும் கீழுமாகத்தான் அடிக்கிறோம். இந்த மேல்-கீழ் அசைவை முன்னோக்கிய உந்தலாக மாற்றிக் கொடுப்பதே ஃபின்னின் வேலை.

ஃபின்னில் இரண்டு பகுதிகள் உண்டு. பாதத்தை நுழைக்கும் பகுதியைப் பாதக்கூடு என்போம். விரல்களுக்கு அப்பால் நீளும் தட்டையான பகுதி பிளேடு. குப்புற மிதந்தபடி காலைக் கீழ்நோக்கி அடிக்கும்போது, நீரின் எதிர்ப்பால் பிளேடின் நுனி மட்டும் சற்றுப் பின்தங்கி, மேல்நோக்கி வளைகிறது. பிளேடு இப்போது சாய்வாக நிற்பதால் நீரைக் கீழே மட்டுமல்லாமல் பின்னாலும் சேர்த்துத் தள்ளுகிறது. காலை மேலே தூக்கும்போது வளைவு மறுபக்கம் திரும்பி, நீர் மேலேயும் பின்னேயும் போகிறது. மேலே தள்ளியதும் கீழே தள்ளியதும் பெருமளவு ஒன்றையொன்று சரிக்கட்டிவிட, பின்னே தள்ளியது மிஞ்சுகிறது. அதுதான் உங்களை நகர்த்துகிறது.

பிளேடு எந்த அளவுக்கு வளைய மறுக்கிறதோ, அதுவே அதன் விறைப்பு. விறைப்பு அதிகமாக இருந்தால் பிளேடு சாயாது. நீரை நேராக மேலும் கீழும் தள்ளி, கால் உழைக்கும், உடம்பு நகராது. விறைப்பு மிகவும் குறைவாக இருந்தால் பிளேடு மடங்கிக்கொள்ளும், நீர் வழுக்கிப் போய்விடும். இரண்டுக்கும் நடுவே உங்கள் காலின் பலத்துக்கு ஏற்ற ஓர் இடம் இருக்கிறது. அது ஆளுக்கு ஆள் மாறும். கால்பந்து ஆடுகிறவருக்கு மிதமாகத் தோன்றும் ஃபின், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு விறைப்பானது.

பெரிய பிளேடு, நெம்புகோல், மூச்சு

ஒரே அளவு உந்தலை இரண்டு விதமாகப் பெறலாம்: நிறைய நீரை மெதுவாகத் தள்ளலாம், அல்லது கொஞ்சம் நீரை வேகமாகத் தள்ளலாம். இரண்டாவதுக்குச் செலவாகும் ஆற்றல் அதிகம், ஏனென்றால் நீருக்குக் கொடுக்கும் ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது. வெறும் பாதம் சிறியது. அதை வைத்து நகர வேண்டுமானால் படபடவென்று அடித்தாக வேண்டும். பிளேடு வந்ததும் அதே உந்தலை நிதானமாக எடுக்க முடிகிறது. பெரிய பிளேடு நல்லது என்ற பேச்சு இங்கிருந்துதான் பிறந்தது. இதுவரை அது சரியும்கூட.

ஆனால் அந்தக் கணக்கில் கணுக்கால் சேரவில்லை. பிளேடு ஒரு நெம்புகோல். நீர் அதன்மீது தரும் விசை கணுக்காலிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறதோ, அந்த அளவுக்குக் கணுக்காலின் சுமை பெருகும். அதே விசை இருமடங்கு தூரத்தில் விழுந்தால் சுமையும் இருமடங்கு. இதைத் தாங்கிப் பிடிப்பவை கெண்டைக்கால் தசையும் பாதத்தின் வளைவில் உள்ள சிறு தசைகளும். தினசரி நடையில் இந்த வேலைக்கு அவை பழகியிருக்காது. ஆகவேதான் முதல் தடவை நீளமான ஃபின் மாட்டியவருக்கு இருபது நிமிடத்தில் பிடிப்பு ஏறுகிறது. தொடை களைப்பதற்கு வெகு முன்பே கணுக்கால் கைவிட்டுவிடும்.

அடுத்தது வேகம். நீரில் உடம்பின்மீது விழும் இழுவை, வேகத்தின் இருமடிப்படி ஏறும். அதை வெல்லத் தேவைப்படும் திறன் மும்மடிப்படி. வேகத்தை இரட்டிப்பாக்க, ஏறத்தாழ எட்டு மடங்கு திறன் வேண்டும். அவ்வளவு உழைத்தால் மூச்சு வாங்கும். குழல் வழியாக மூச்சு வாங்குவது திறந்த வாயால் வாங்குவதைப்போல இருக்காது. காற்று செல்ல எதிர்ப்பு கூடுதல், குழலில் தங்கிய பழைய காற்றும் ஒவ்வொரு மூச்சிலும் திரும்ப உள்ளே வரும். வேகத்துக்கென்று ஃபின் வாங்குவது, கடைசியில் மூச்சுத் திணறலை வாங்குவதாக முடியும்.

"நீரோட்டத்தை எதிர்க்கப் பலமான ஃபின் வேண்டாமா?" என்று கேட்கலாம். இலேசான நீரோட்டத்தில் எந்த நல்ல ஃபின்னும் உதவும். கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் வலுத்தால் வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டக்கூடும். உலகின் மிக வேகமான 50 மீட்டர் நீச்சல் வீரர்களின் வேகம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதை நேர் எதிராக நீந்தி வெல்ல ஃபின்னை நம்ப வேண்டாம். கரைக்கு இணையாக நகர்ந்து அதன் பிடியிலிருந்து விலகுவதே வழி.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: ஃபின் வளைவதால் உந்தல் கிடைக்கிறது. பெரிய பிளேடு ஆற்றலை மிச்சப்படுத்தும், ஆனால் கணுக்காலிடம் அதற்கான விலையைக் கேட்கும். ஸ்நோர்கெலிங்கில் வேகத்துக்கு மதிப்பு குறைவு, ஆகவே கணுக்கால் தாங்குவதே உங்கள் எல்லை.

முதலில் பொருத்தம், பிறகு எல்லாம்

ஃபின்னைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பிளேடைச் சுற்றியே நடக்கிறது. கடலில் ஒருவரது நாளைக் கெடுப்பது பெரும்பாலும் பாதக்கூடு. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிறுவனாக இருந்தபோது, கைகளில் பலகை பிடித்து நீந்திப் பார்த்தவர். உள்ளங்காலிலும் ஒருவகைச் செருப்பைக் கட்டிப் பார்த்தார். அது அவருக்குத் திருப்தி தரவில்லை: காலடியின் வலு உள்ளங்காலிலிருந்து மட்டும் வருவதில்லை, பாதத்தின் உட்பக்கமும் கணுக்காலும் சேர்ந்துதான் அடிக்கின்றன என்று காரணமும் எழுதிவைத்தார். பாதம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும் ஃபின் வர அதற்குப்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பிரான்சின் லூயி தெ கோர்லியூ 1933இல் காப்புரிமை பெற்றார். 1940 வாக்கில் அமெரிக்காவின் ஓவன் சர்ச்சில் ரப்பர் ஃபின்னைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஃபின்னின் கதையில் பாதக்கூட்டுக்கு அத்தனை பங்கு.

மாட்டிப் பார்க்கும் முறை இது. பாதத்தையும் கூட்டின் உட்புறத்தையும் நீரால் நனையுங்கள். உலர்ந்த ரப்பர் தோலைப் பிடித்துக்கொண்டு சரியான அளவையும் சிறியதாகக் காட்டும். உட்கார்ந்துகொண்டு, பாதக்கூட்டின் குதிகால் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துவிட்டு, பாதத்தை உள்ளே தள்ளி, விளிம்பை நிமிர்த்தி மேலே இழுங்கள். கூட்டின் முன்முனை பெரும்பாலும் திறந்திருக்கும். விரல் நுனிகள் அந்தத் திறப்பின் அருகே மடங்காமல் நீண்டிருக்க வேண்டும்.

பிறகு காலைத் தூக்கி, பாதத்தை இடமும் வலமுமாகப் பலமாக ஆட்டுங்கள். ஃபின் பாதத்தோடு சேர்ந்தே திரும்ப வேண்டும். உள்ளே பாதம் தனியாக அசைந்தால் அது பெரிது. கணுக்காலை நீட்டி விரல் நுனியை உடம்பைவிட்டு அப்பால் கூர்மையாக நீட்டிப் பாருங்கள், நீந்தும்போது பாதம் அப்படித்தான் இருக்கும். அந்த நிலையில் குதிகால் வெளியே வழுக்கி வரக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் பத்து நிமிடம் கழற்றாமல் உட்காருங்கள். பாதத்தின் மேல்வளைவில் அழுத்தமோ விரல்களில் மரத்துப்போகும் உணர்வோ தெரியத் தொடங்கினால், கடலில் அது இன்னும் மோசமாகும். பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும் என்பதால் மாலையில் மாட்டிப் பார்ப்பது நல்லது.

இறுக்கமான ஃபின் ரத்த ஓட்டத்தை நெருக்கிப் பாதத்தில் பிடிப்பு உண்டாக்கும் என்பது பலருக்குத் தெரியும். தளர்ந்த ஃபின்னும் பிடிப்பை உண்டாக்கும் என்பது அவ்வளவாகத் தெரியாது. ஃபின் நழுவாமல் இருக்க விரல்கள் தாமாகவே மடங்கி இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. அந்த இறுக்கம்தான் சற்று நேரத்தில் பிடிப்பாகிறது. கூடவே, நீரில் ஊறி மென்மையான தோல் கூட்டின் விளிம்பில் உராய்ந்து குதிகாலிலும் விரல்களின் மேற்புறத்திலும் கொப்புளம் வரும். "கொஞ்சம் லூஸா இருந்தா சௌகரியம்" என்று வாங்குவதால் வரும் தொல்லை இது.

பாதம் முழுவதையும் மூடும் முழுப்பாத ஃபின்களின் அளவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய ஷூ அளவுப்படி 40–41, 42–43 என்று ஜோடியாகவே வருகின்றன, ஆகவே சிலருக்கு இரண்டு அளவுகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் நிலை வரும். அப்போது பெரியதை எடுத்து, 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள நியோப்ரீன் காலுறையால் இடைவெளியை நிரப்புங்கள். நியோப்ரீன் என்பது உள்ளே வாயுக் குமிழ்கள் கொண்ட மென்மையான செயற்கை ரப்பர். இரண்டு பாதங்களும் வேறு வேறு அளவாக இருப்பவருக்கும் இதே தீர்வு: பெரிய பாதத்துக்கு ஃபின், சிறிய பாதத்துக்குக் கூடவே காலுறை. காலுறையோடு அணிவதாக இருந்தால் காலுறையோடுதான் மாட்டிப் பார்க்க வேண்டும்.

குழந்தைகளுக்கு "வளர்ற பிள்ளை" என்று ஒரு அளவு பெரிதாக வாங்கும் வழக்கம் ஃபின்னில் வேண்டாம். நழுவும் ஃபின்னோடு ஆழத்தில் இருக்கும் குழந்தை பயந்துபோகும்.

மூடிய குதிகாலா, பட்டையா?

பாதம் முழுவதையும் ஷூபோல மூடுவது முழுப்பாத ஃபின். குதிகால் திறந்திருந்து, பின்னால் ஒரு பட்டையால் இறுக்குவது பட்டை ஃபின். இதில் எது மேல் என்ற விவாதத்துக்கு அர்த்தமில்லை. நீங்கள் எப்படி நீருக்குள் இறங்குகிறீர்கள் என்பதே முடிவு செய்யும்.

வெதுவெதுப்பான நீர், மணற்கரை அல்லது படகிலிருந்து இறங்குதல் என்றால் முழுப்பாத ஃபின். எடை குறைவு, பாதத்தின் அசைவு வீணாகாமல் பிளேடுக்குப் போகும், கழன்று விழப் பட்டையோ கொக்கியோ கிடையாது.

கரை பாறையாக, கூழாங்கல்லாக, கடல்முள்ளெலிகள் உள்ளதாக இருந்தாலோ நீர் குளிராக இருந்தாலோ பட்டை ஃபின். தடித்த அடிப்பாகம் கொண்ட நியோப்ரீன் பூட்ஸோடு நடந்து இறங்கி, இடுப்பளவு நீரில் ஃபின்னை மாட்டிக்கொள்ளலாம். இந்த ஃபின்னின் பாதக்கூடு பூட்ஸுக்காகவே அகலமாகச் செய்யப்பட்டது. வெறுங்காலில் மாட்டினால் உராய்ந்து புண்ணாகும்.

வெறுங்காலுக்கான பட்டை ஃபின்களும் உண்டு. பயண ஃபின் என்று விற்கப்படுபவற்றில் பல இவ்வகை. ஒரே ஜோடியைக் குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி அணியலாம் என்பது வசதி. ஆனால் பட்டை நீளத்தை மட்டுமே சரிசெய்யும், அகலத்தைச் செய்யாது. பாதம் பக்கவாட்டில் ஆடுகிறதா என்று இவற்றில் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

எவ்வளவு நீளம்?

இங்கே நீளம் என்று சொல்வது குதிகாலிலிருந்து பிளேடு நுனி வரையிலான மொத்த நீளம். பெரிய பாதத்துக்கான ஃபின் இயல்பாகவே நீளமாக இருக்கும் என்பதால் இந்த எண்களைத் தோராயமாகவே கொள்ளுங்கள்.

சுமார் 40 முதல் 50 சென்டிமீட்டர் வரை உள்ளவை குட்டை ஃபின்கள். பெட்டியில் அடங்கும், கணுக்காலை வருத்தாது, ஆழமற்ற பவளத்திட்டுகளின் மேலே எளிதாகத் திரும்பலாம். பதிலுக்குச் சற்று அடிக்கடி காலடிக்க வேண்டியிருக்கும். அலையும் நீரோட்டமும் குறைந்த இடத்தில் இதில் குறை சொல்ல எதுவுமில்லை. பலகையில் படுத்தபடி அலையில் சறுக்குபவர்கள் அணியும் கட்டைக்குட்டை ஃபின்னை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஒரு சில வினாடி வேகத்துக்காக விறைப்பாகச் செய்யப்பட்டது.

55 முதல் 65 சென்டிமீட்டர் வரை நடுத்தரம். ஒரே ஒரு ஜோடிதான் வாங்கப் போகிறீர்கள், எங்கே பயன்படுத்துவீர்கள் என்று இன்னும் தெரியாது என்றால், மிதமான விறைப்புள்ள நடுத்தர முழுப்பாத ஃபின்னை எடுங்கள். இந்தக் கட்டுரை தயங்காமல் சொல்லக்கூடிய பரிந்துரை இது ஒன்றுதான்.

80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் மூச்சடக்கி ஆழத்துக்கு மூழ்குபவர்களுக்கான நீள ஃபின்கள். ஆழத்தில் அவை அருமையானவை: மெதுவான, அகலமான ஓர் அடியில் வெகுதூரம் போகலாம். மேற்பரப்பில் அதே அகலமான அடிக்கு இடம் கிடையாது. நுனி நீரைவிட்டு வெளியே வந்து காற்றை அடிக்கிறது, உந்தல் போகிறது, சத்தத்தில் மீன்களும் போகின்றன. ஆழமற்ற இடத்தில் அதே நுனி கீழே பவளத்தில் இடிக்கும். ஸ்நோர்கெலிங்கின் நடுவே அடிக்கடி மூழ்கிப் பார்க்கும் பழக்கம் வந்தபின் வாங்கலாம். அப்போதும் மென்மையான வகையே போதும்.

விறைப்பைக் கடையிலேயே சோதிக்கலாம். ஒரு கையால் பாதக்கூட்டைப் பிடித்து, மறுகையால் பிளேடு நுனியை மெல்ல அழுத்துங்கள். பிளேடு அதன் நீளம் முழுக்கச் சீரான வளைவாக வளைந்து, விட்டதும் சட்டென்று நிமிர வேண்டும். பாதக்கூடும் பிளேடும் சேரும் இடத்தில் மட்டும் மடங்கி, மற்றதெல்லாம் நேராகவே இருந்தால் அந்த ஃபின்னில் உந்தல் குறைவு, நாளடைவில் அந்த இடத்திலேயே விரிசலும் விடும். நுனியை அசைக்கவே தோள் பலம் தேவைப்பட்டால் அதைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

பிளவும் துளைகளும்

பிளேடின் நடுவே நீளவாக்கில் பிளவு வைத்தவை பிளவு ஃபின்கள். ஓர் அடிக்கு வரும் எதிர்ப்பு குறைவு, ஆகவே முழங்கால், கணுக்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றவை. சிறிய, வேகமான அடிக்குத்தான் அவை சரியாக வேலை செய்யும். தவளைபோலக் காலை அகட்டி அடித்தால் உந்தல் குறையும், சட்டென்று நிற்கவும் திரும்பவும் கடினம். பிளேடின் அடியில் உள்ள துளைகள் காலைத் தூக்கும்போது வரும் சுமையைக் குறைக்க வைக்கப்பட்டவை. நீளவாக்கிலான மென்மையான ரப்பர் வரிகள் பிளேடைக் குழிபோல வளைத்து, நீர் பக்கவாட்டில் வழியாமல் நுனி வழியாக வெளியேற உதவும். எல்லாம் பயனுள்ளவையே, ஆனால் பொருந்தாத பாதக்கூட்டை இவற்றில் எதுவும் காப்பாற்றாது.

பிளாஸ்டிக் வகையான பாலிபுரொப்பிலீன் நீரைவிட இலேசானது, மிதக்கும். கனமான ரப்பர் ஃபின் மூழ்கும். மிதக்கும் ஃபின் கழன்றால் கிடைத்துவிடும். மூழ்கும் ஃபின் பாதத்தைச் சற்றுக் கீழே வைத்திருப்பதால் அடி நீருக்குள்ளேயே இருக்கும். கார்பன் இழை பிளேடுகள் ஆழ்மூழ்குக்கானவை, பாறையில் மோதினால் உடையக்கூடியவை. ஸ்நோர்கெலிங்குக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

ஃபின்னைக் குறை சொல்லும் முன்

"இந்த ஃபின் இழுக்கவே மாட்டேங்குது" என்று சொல்பவரின் முழங்காலைக் கவனியுங்கள். பெரும்பாலும் மிதிவண்டி ஓட்டுவதுபோல முழங்கால் மடங்கி மடங்கி விரியும். அப்போது பிளேடு நீரைத் தள்ளாமல் தன் நீளவாக்கிலேயே முன்னும் பின்னும் வழுக்குகிறது. அடி இடுப்பிலிருந்து தொடங்க வேண்டும். முழங்கால் இலேசாக மட்டும் தளர்ந்திருக்க, விரல்கள் பின்னோக்கி நீண்டிருக்க, அடி சிறியதாகவும் நிதானமாகவும் இருக்கட்டும். ஃபின் நீருக்கு மேலே வந்து அறையும் சத்தம் கேட்டால் முழங்கால் அதிகம் மடங்குகிறது என்று பொருள்.

கெண்டைக்காலில் பிடிப்பு வந்தால் அடிப்பதை நிறுத்தி மிதந்துகொண்டு, அந்தக் காலின் ஃபின் நுனியைக் கையால் பிடித்து, முழங்காலை நீட்டியபடி உடம்பை நோக்கி மெல்ல இழுங்கள். தசை நீளும், பிடிப்பு விடும். ஒவ்வொரு முறையும் வருகிறதென்றால் பொருத்தத்தையும் விறைப்பையும் சந்தேகியுங்கள்.

ஃபின்னோடு கரையில் முன்னோக்கி நடந்தால் நுனி மடங்கி முகங்குப்புற விழ நேரும். இடுப்பளவு நீருக்குப் போய் மாட்டுவது சிறந்தது. கரையிலேயே மாட்டிவிட்டால் பின்னோக்கி, பாதத்தை இழுத்தபடி நடந்து இறங்குங்கள். பவளத்துக்கு அருகே செங்குத்தாக நிற்க வேண்டாம். பாறைபோல் திரண்டு வளரும் பவளம் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டருக்குமேல் வளர்வதில்லை. ஃபின்னின் ஓர் உதை உடைத்ததை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். நின்றபடி அடித்தால் கிளறப்படும் மணலும் பவளத்தின்மேல் படியும்.

வாடகைக்கு எடுப்பவர்கள் பட்டையை இழுத்து மடித்துப் பார்த்து, மடிப்பில் வெடிப்பு தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும். ரப்பர் பட்டை கடலுக்குள்தான் அறும். சொந்த ஃபின் என்றால் ஒவ்வொரு முறையும் நல்ல நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வாங்கும்போது பாதக்கூட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் அச்சைத் தூக்கி எறிந்துவிடாமல், உலர்ந்தபின் திரும்ப உள்ளே செருகி, படுக்கைவாட்டில் வையுங்கள். பிளேடு நுனியில் எடை விழும்படி சுவரில் சாய்த்து நிறுத்தினால் நிரந்தரமாக வளைந்துவிடும். அப்படி வளைந்த ஜோடி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும்.